ரப்பர் சரியாக உட்காராவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி கேட்காது

ஒரே இயர்போன்தான். அக்கா போட்டுக் கேட்டுவிட்டு, "பேஸ் ரொம்ப அதிகம், தலையை இடிக்குது" என்கிறார். தம்பி வாங்கிப் போட்டுவிட்டு, "பேஸே இல்லையேக்கா, கீச்சுன்னு இருக்கு" என்கிறான். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. பெரும்பாலும் "உன் ரசனை வேற, என் ரசனை வேற" என்று முடிந்துவிடும். ஆனால் இதில் ரசனைக்கு வேலை குறைவு. அக்காவின் செவிப்பறையை அடைந்த ஒலியும் தம்பியின் செவிப்பறையை அடைந்த ஒலியும் உண்மையிலேயே வேறு வேறு. மைக்ரோபோன் வைத்து அளந்தால் வித்தியாசம் எண்ணாகவே தெரியும்.

காதுக்குள் செருகும் இயர்போனில் கருவியின் ஒரு பாதிதான் கடையில் கிடைக்கிறது. மறுபாதி நம் காதுக்குழாய். இரண்டும் சேர்ந்த பிறகு வருவதைத்தான் "இந்த இயர்போனின் சத்தம்" என்கிறோம்.

முதலில் பேஸ், அதாவது கீழ் அதிர்வெண் ஒலி. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். அப்படியானால் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். திருவிழா மேடை ஓரத்தில் ஆளுயர ஸ்பீக்கரை ஏன் நிறுத்துகிறார்கள் என்பது இதிலிருந்தே புரியும். அவ்வளவு நீள அலையைத் திறந்தவெளியில் எழுப்ப நிறைய காற்றைத் தள்ள வேண்டும். இயர்போனுக்குள் இருக்கும் சவ்வோ பொதுவாக 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலம்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டை ஓடவிட்டால் மெல்லிய கீச்சொலிதான் வரும். காதுக்குள் அடைத்துவிட்டால் கதை மாறுகிறது. சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவே ஒரு கன சென்டிமீட்டர் அளவு காற்று மாட்டிக்கொள்கிறது. அங்கே அலை பரவுவதற்கே இடமில்லை. சவ்வு உள்ளே வந்தால் மொத்தக் காற்றும் ஒரே நேரத்தில் அழுந்துகிறது, பின்னால் போனால் தளர்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் கைப்பிடி எவ்வளவு கடினமாகிறதோ, அப்படி. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் அழுத்தம் போய்விடும்.

இயர்போன் நுனியில் மாட்டியிருக்கும் ரப்பர் காதில் சரியாக உட்காரவில்லை என்றாலும் இதேதான் நடக்கிறது. பேஸ் மட்டும் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இடைவெளியில் நிற்கும் காற்றுக்கும் நிறை உண்டு. சவ்வு நொடிக்கு 3000 முறை அதிரும்போது, அந்தக் காற்று நகரத் தொடங்குவதற்குள் அழுத்தத்தின் திசை மாறிவிடுகிறது. இடைவெளி இருந்தும் இல்லாதது போல ஆகிவிடுகிறது. நொடிக்கு 50 முறை என்றால் காற்றுக்கு வேண்டிய நேரம் இருக்கிறது. மெதுவாக வெளியே போய், மெதுவாகத் திரும்பி வரும். செவிப்பறையில் அழுத்தமே சேராது. முடி அகல இடைவெளி போதும், கீழ் அதிர்வெண்கள் கரைவதற்கு.

பேஸ் போனது பல பேருக்குத் தெரிவதே இல்லை என்பது இன்னும் சுவாரசியமான விஷயம். அடிப்படை அதிர்வெண் காணாமல் போனாலும், அதன் மடங்குகளான மேற்சுரங்கள் கேட்டால் போதும், மூளை அடிப்படைச் சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். அதனால் பாட்டு அதே பாட்டாகத்தான் இருக்கும், சுருதியும் மாறாது. கனம் மட்டும் போயிருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் மேற்சுரங்கள் ஒழுங்கான மடங்குகளாக அமைவதை சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் எழுதினார்கள். ரப்பர் கசிந்தாலும் அந்த வலந்தலை நன்றாகவே கேட்கும். காணாமல் போவது இடப்பக்கத்துத் தொப்பி. உள்ளங்கை அடியால் அழுத்தி இழுக்கும் அந்தக் கும்கி இருக்கிறதே, அதற்குக் கீழ் அதிர்வெண்கள் வேண்டும். ஒரு நல்ல தனி ஆவர்த்தனப் பதிவை ஓடவிட்டு, கும்கி வளைந்து ஏறுவது தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். இயர்போன் சோதிக்க இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்றால் இயர்போனை விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். உடனே கும்கி வந்துவிட்டால் இயர்போனைக் குறை சொல்ல வேண்டாம், ரப்பரை மாற்றுங்கள்.

ரப்பரை ஏன் இவ்வளவு பாடுபட்டுப் பொருத்த வேண்டும்? காதுக்குழாய் நேரான குழாய் இல்லை. பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளம், 7 மில்லிமீட்டர் விட்டம், நடுவில் வளைவு. குறுக்குவெட்டு பெரும்பாலும் வட்டமும் இல்லை, நீள்வட்டம். வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, உள்ளே எலும்பு. தாடை மூட்டு குழாய்க்கு நேர் முன்னால் இருப்பதால், பேசும்போதும் மெல்லும்போதும் குருத்தெலும்புப் பகுதி வடிவம் மாறுகிறது. முறுக்கு தின்றுகொண்டே பாட்டுக் கேட்டால் பேஸ் வந்து வந்து போவது இதனால்தான். அப்புறம், ஒரே ஆளுக்கு வலது காதும் இடது காதும் வேறு அளவாக இருப்பது சகஜம். பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று சோடி ரப்பர் கொடுக்கிறார்கள். பலர் அந்தக் கவரைப் பிரிப்பதே இல்லை! வலதுக்கு நடுத்தரம், இடதுக்குப் பெரிது என்று போட்டுக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை.

போடும் முறையும் முக்கியம். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலாகவும் பின்னாலும் இழுத்துப் பிடித்தால் குழாயின் வளைவு நிமிரும். அப்போது செருகிவிட்டு மடலை விடுங்கள். நுரை வகை என்றால் விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்து, அது விரிகிற வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். கடலோர ஊர்க்காரர்களான நமக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வியர்வையில் சிலிகான் ரப்பர் வழுக்கும். நுரை வழுக்காது, ஆனால் ஈரத்தை உறிஞ்சிச் சீக்கிரம் பாழாகும். சித்திரை, வைகாசியில் நடந்துகொண்டே கேட்பவருக்கு ஓரளவு பெரிய சிலிகான் ரப்பரே மேல் என்பது என் எண்ணம்.

இனி மேல் அதிர்வெண்கள். திறந்த காதுக்குழாய் ஒரு பக்கம் மூடிய காற்றுத்தம்பம். பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையை வைத்து ஒத்ததிர்வு பார்த்திருப்போமே, அதே கணக்கு. நீளத்தின் நான்கு மடங்கு அலைநீளத்தில் அது ஒத்ததிரும். 25 மில்லிமீட்டருக்கு 3500 ஹெர்ட்ஸ் வருகிறது. மடலின் குழிவும் சேர்ந்துகொள்வதால் நடைமுறையில் 3000-க்குச் சற்றுக் கீழே. அந்த இடத்தில் இயற்கையே 10 டெசிபெலுக்கு மேல் கூட்டித் தருகிறது. பிறந்ததிலிருந்து நாம் கேட்ட ஒவ்வொரு குரலும் இந்தக் கூடுதலோடுதான் கேட்டிருக்கிறது.

இயர்போன் அந்த வாயை அடைத்துவிடுகிறது. இப்போது குழாய் இரு பக்கமும் மூடியது, நீளமும் குறைவு. பழைய ஒத்ததிர்வு போய் வேறொன்று மேலே முளைக்கிறது. மிச்சம் 20 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 8750 ஹெர்ட்ஸில், இன்னும் ஆழமாகச் செருகி 15 மில்லிமீட்டராக்கினால் 11,700 சுற்றில். நல்ல இயர்போன் செய்பவர்கள், தாங்கள் அழித்த 3000 ஹெர்ட்ஸ் மேட்டைத் தாங்களே திரும்பக் கட்டித் தர வேண்டியிருக்கிறது. ஹார்மன் என்னும் ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர், எந்த மாடல் என்று சொல்லாமலே பலரைக் கேட்கவைத்து, எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று வகுத்த இலக்கு வளைகோட்டிலும் அந்த மேடு இருக்கிறது. இந்த மேடு குறைந்தால் பாடகர் தூரமாகப் போய்விடுவார். அதிகமானால் வயலின் காதைக் குத்தும்.

8000 ஹெர்ட்ஸ் பக்கத்து மேடுதான் சண்டையைக் கிளப்புவது. 'ஸ' ஒலியின் உரசல் அந்தப் பக்கம்தான் வாழ்கிறது. செருகும் ஆழம் 5 மில்லிமீட்டர் மாறினால் மேடு எங்கோ தள்ளிப் போய்விடும் என்று மேலே பார்த்தோம். ஒருவருக்கு 'ஸ்' என்று சீறும் இயர்போன் இன்னொருவருக்கு மிருதுவாக இருப்பதற்கு இதுவே போதுமான காரணம். சீறினால், அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் தொடும் முன் வேறு ரப்பர் போட்டு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தை மாற்றிப் பாருங்கள்.

இணையத்தில் காட்டப்படும் வளைகோடுகளை வைத்து ஒப்பிடுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலான அளவீடுகள் ஐ.இ.சி. 60318-4 என்னும் சர்வதேசத் தரப்படி செய்த உலோகச் செயற்கைக் காதில் எடுக்கப்படுபவை. 1981-இல் 711 என்ற எண்ணோடு வந்த தரத்தின் வாரிசு அது. அந்தக் காது வழவழப்பான வட்டக் குழாய், வியர்க்காது, மெல்லாது, கசியாது. ஆகவே வளைகோட்டின் பேஸ், கிடைக்கக்கூடிய அதிகபட்ச பேஸ். 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கோட்டை நம்பவும் கூடாது. நடுப்பகுதிக்கு மட்டும் அது நல்ல வழிகாட்டி.

டிரைவர், அதாவது இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் பாகம், அதன் வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பிச்சுருளும் காந்தமும் சவ்வும் கொண்டது டைனமிக். காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்தது பேலன்ஸ்டு ஆர்மேச்சர். 1991-இல் வெளிவந்து பேர்பெற்ற எட்டிமோட்டிக் நிறுவனத்தின் இஆர்-4 இயர்போன் அந்த வகை. அதை எலும்புப் பகுதியை நெருங்கும் அளவுக்கு ஆழமாகச் செருக வேண்டும். அப்படி ஆழமாகப் போட்டால் ஒரு தொல்லை குறைகிறது. காதை அடைத்ததும் நம் குரலே உள்ளே முழங்குகிறதல்லவா? குருத்தெலும்புச் சுவர் நம் குரலில் அதிர்ந்து எழுப்பும் ஒலி, வழக்கமாக வெளியே போய்விடும். அடைத்தால் உள்ளேயே தேங்கும். எலும்புப் பகுதி அவ்வளவு அதிராது. சரி, இந்த முழக்கத்தையே சோதனையாகவும் பயன்படுத்தலாம். 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். இரண்டு காதிலும் சமமாக முழங்கினால் அடைப்பு சரி. ஒரு பக்கம் சப்பென்று இருந்தால் அந்தப் பக்கம் கசிகிறது. டிரைவர் 10 மில்லிமீட்டரா 12 மில்லிமீட்டரா, ஒன்றா ஐந்தா என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் கவலைகள்.

இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்று ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலும், சத்தம் கூடியது என்று நமக்குப் படாது, தெளிவு கூடியது என்று படும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் காட்டியபடி, குறைந்த சத்தத்தில் நம் காதுக்குக் கீழ் அதிர்வெண்கள் இன்னும் மங்கும். ஆக சத்தமான இயர்போனுக்குத் தெளிவு, பேஸ் என்று இரண்டு பொய் மதிப்பெண் கிடைத்துவிடும். புதுச்சேரி நேரு வீதிக் கடையில் நின்றுகொண்டு ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டு அரை நிமிடத்தில் எடுக்கும் முடிவை நான் நம்ப மாட்டேன். அங்கே ரப்பர் மாற்றிப் பார்க்கவும் விட மாட்டார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

பேருந்துக்குள் வருவோம். ஆல்பேட்டை தாண்டி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வரை டீசல் இன்ஜினின் உறுமல் கூடவே வரும். அது கீழ் அதிர்வெண் இரைச்சல். கசியும் ரப்பர் நம் பேஸை வெளியே விடும், அதே சந்து வழியாக இன்ஜினின் உறுமலை உள்ளே விடும். பாட்டின் பேஸ் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. கை தானாக வால்யூமுக்குப் போகிறது. மேல் அதிர்வெண்களோ கசியாமல் முழுசாக உள்ளேயே இருக்கின்றன. பேஸுக்காகக் கூட்டிய வால்யூம் அவற்றையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபெல் என்றால் வாரம் 4 மணி நேரம்தான். தினமும் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போய்வரும் கல்லூரிப் பிள்ளைக்கு அந்த 4 மணி நேரம் புதன்கிழமைக்குள் தீர்ந்துவிடும்.

இரைச்சல் நீக்கும் இயர்பட்ஸ் இந்த உறுமலுக்கு நன்றாக உதவும். மைக்கில் கேட்ட இரைச்சலுக்கு எதிரலையை உருவாக்கி அழிக்கும் அந்த முறை, ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் திறமையாக வேலை செய்யும். ஹாரனையும் கண்டக்டரின் விசிலையும் தடுப்பது ரப்பரின் வேலை. அதிலும் கசிவு இருந்தால் எதிரலையே வெளியே ஓடிவிடும், விலை கொடுத்து வாங்கிய வசதி பாதி வீண். மாலை 6 மணிக்கு மேல் வாகனங்கள் போகாத புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடப்பவருக்கு இவ்வளவு அடைப்பே வேண்டாம். காதுக்குழாயை அடைக்காத திறந்த வகை போதும், பாறையில் மோதும் அலையும் கேட்கும்.

சில மாதங்கள் கழித்து ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்துபோனால், உடனே புதிது வாங்கக் கிளம்பாதீர்கள். இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் போட்டுப் பாருங்கள். கோணம் சரியாக உட்காராது, கையால் பிடித்துக்கொண்டால் போதும். குறைவு இயர்போனோடு சேர்ந்து பக்கம் மாறினால், பெரும்பாலும் இயர்போன் வாயிலுள்ள வலையில் காதழுக்கு அடைத்திருக்கும். ரப்பரைக் கழற்றிவிட்டு, வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, ஈரமில்லாத மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். குறைவு அதே காதிலேயே நின்றுவிட்டால் அடைப்பு காதுக்குள்ளேயே இருக்கலாம். பஞ்சுக் குச்சியை விட்டால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் பார்த்து எடுத்துவிடுவார். அழுக்கு இல்லையென்றால் கேட்கும் திறனையும் அங்கேயே சோதித்துவிடலாம்.