தொட்டால் அசையும் சிற்பம்: முதலில் மூட்டைப் பாருங்கள்

நான் செய்யும் சிற்பங்களுக்குப் பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்ற பலகை இருக்காது. கயிற்றை இழுத்தால் கை உயரும். கம்பியைத் திருப்பினால் கழுத்து சாயும். பலகையை மிதித்தால் மரக்குதிரை தலையை ஆட்டும். பொம்மலாட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வழிக்கு வந்தேன். தொடச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, தொட்ட கைக்கு அடிபட்டால் அந்தப் பொறுப்பு செய்தவனுடையது. இப்படிப்பட்ட சிற்பங்கள் இப்போது பள்ளிகளிலும் பூங்காக்களிலும் வரத் தொடங்கியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் கண்காட்சி. இடுப்பளவு உயரமுள்ள நடனப் பெண் உருவம் ஒன்றை வைத்திருந்தேன். முழங்கையில் பித்தளைக் கீல். சத்தமே இல்லாமல் அழகாக மடங்கும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அந்த மடிப்பில் விரலை வைத்திருந்த நேரத்தில் அவள் தோழி கயிற்றை இழுத்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நகம் கருத்துப்போனது. அந்த அழுகையைக் கேட்ட பிறகு உருவத்தை அங்கே விட்டுவைக்க மனம் வரவில்லை. அன்று மாலையே கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

பட்டறையில் வைத்து அளந்து பார்த்தேன். கை நீண்டிருக்கும்போது மூட்டில் ஒரு குழந்தையின் விரல் நுழைகிறது. மடங்கும்போது அதே இடம் ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. பொம்மைகளின் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 9873 என்ற இந்தியத் தரநிலையில் இதற்கென்றே ஓர் அளவு இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அசையும் பாகங்களுக்கு நடுவே 5 மி.மீ. தடிமனுள்ள குச்சி நுழைந்தால், 12 மி.மீ. குச்சியும் நுழைய வேண்டும். விரலே போகாத அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். இல்லையென்றால் போன விரல் நசுங்காத அளவுக்கு இடம் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் விரலைக் கடிக்கும் இடைவெளி. கடைசல்காரரிடம் சொல்லி இந்த இரண்டு அளவிலும் குச்சி கடைந்து வாங்கி வைத்திருக்கிறேன். மூட்டை ஒரே நிலையில் வைத்து அளந்தால் போதாது. முழுதாக நீட்டி, பாதி மடக்கி, கடைசி வரை மடக்கி, ஒவ்வொரு நிலையிலும் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும்.

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. சிற்பம் பொம்மையே இல்லை என்றும் சொல்லலாம். இந்த இரண்டு சமாதானமும் எனக்குப் போதவில்லை.

சரி, கீல் வேண்டாம் என்றால் வேறென்ன? விடை பொம்மலாட்டத்திலேயே இருந்தது. நம் ஊர் மரப்பாவை நான்கரை அடி உயரமும் 10 கிலோ எடையும் வரை போகும். ஆட்டுபவர் தலையில் ஒரு வளையத்தை மாட்டிக்கொள்வார். பாவையின் கயிறுகள் அதில் கட்டியிருக்கும். பாவையின் கைகளைக் கம்பியால் இயக்குவார். இவ்வளவு கனத்தோடு குதித்து ஆடும் உருவத்தின் மூட்டு எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும்! நான் கையில் எடுத்துப் பார்த்த பழைய பாவைகளில் கீலே இல்லை. மேல்கையையும் முன்கையையும் கயிற்றால் பிணைத்து, நடுவே கொஞ்சம் தளர்வு விட்டிருந்தார்கள். பட்டறையில் ‘பிளே’ என்று சொல்வோமே, அதுதான். விரலை வைத்து மடக்கினேன். மரம் விலகிக் கொடுத்தது.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். தோள் அசைந்து ஒரு கணம் கழித்துத்தான் முன்கை வருகிறது. அந்தத் தாமதம்தான் மரத்தை உயிருள்ளதாகக் காட்டுகிறது. என் பித்தளைக் கீலில் அது இல்லவே இல்லை. தோல்பாவையிலும் தோளையும் முழங்கையையும் முடிச்சுதான் பிடித்திருக்கிறது. அன்றிலிருந்து என் மூட்டுகள் எல்லாம் துணியும் பருத்திக் கயிறும்தான். கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக மீன்பிடி நைலான் நரம்பைக் கட்டும் இளம் சிற்பிகளைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். வேகமாக இழுத்தால் விரலை அறுத்துவிடும். கயிற்று நுனியில் சுருக்கும் போடாதீர்கள், குழந்தையின் கழுத்துக்கு அது ஆபத்து. ஒரு மர மணியைக் கோர்த்துவிட்டால் பிடிக்கவும் வசதி.

சாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு என்ற அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைகளுக்கான பெயிண்ட் அந்த விதிக்குள் வராது. பளபளப்பு நன்றாக இருக்கிறது என்று அதை வாங்கிப் பூசுகிறவர்கள் உண்டு. குழந்தைகள் பிடிக்கும் இடம் தேய்ந்து, தூள் விரலில் ஒட்டி, வாய்க்குப் போகும். டப்பாவில் எதற்கான பெயிண்ட் என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

பொத்தான் பேட்டரியும் சிறிய வலுவான காந்தமும் என் பட்டறையில் கிடையாது. பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடலாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் வேண்டுமென்றால் திருகாணி போட்ட மூடிக்குள் பெரிய பேட்டரியை வையுங்கள்.

உயரமான உருவம் என்றால் எடை கீழே இருக்க வேண்டும். தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையைச் சாய்த்துவிட்டால் அதுவே எழுந்து நிற்பது அடியில் உள்ள கனத்தால்தான். நான் கூடுதலாக, பீடத்தைத் தரையோடு போல்ட் போட்டுவிடுகிறேன். ஏனென்றால் குழந்தைகள் கயிற்றை இழுப்பதோடு நிற்க மாட்டார்கள், தொங்குவார்கள்.

இவ்வளவு பயம் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடலாமே என்று ஏற்பாட்டாளர்கள் கேட்பதுண்டு. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் 1926 முதல் 1931 வரை பாரிஸில் கம்பி, தக்கை, துணி கொண்டு ஒரு குட்டி சர்க்கஸ் செய்தார். தானே தரையில் உட்கார்ந்து ஒவ்வோர் உருவத்தையும் கையால் இயக்கிக் காட்டுவார். இப்போது அது நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில் அசையாமல் இருக்கிறது. அத்தனை பழைய, நொய்ந்த பொருளுக்கு அதுதான் சரி. நாம் இன்று செய்வதை முதல் நாளே பெட்டிக்குள் அடைப்பதற்கு எனக்குச் சம்மதமில்லை. காவலுக்கு ஒரு பெரியவரைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவையுங்கள், ஒரு நேரத்தில் இரண்டு குழந்தைகளை மட்டும் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

துணி மூட்டு தேயும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறேன். உள்ளே சிவப்புத் துணி, மேலே வெள்ளைத் துணி, இரண்டையும் சேர்த்துத் தைத்துத்தான் மூட்டைக் கட்டுகிறேன். தினமும் மாலையில் கூட்டம் போனதும் டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்ப்பேன். எங்காவது சிவப்பு தெரிந்தால், மறுநாள் காலையில் அந்த உருவம் கண்காட்சியில் இருக்காது.