மேல் வரியும் கீழ் வரியும்

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பையனுக்கு இருபத்திரண்டு வயது, மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை, பழைய அடிதடி வழக்கு இரண்டு. கையில் மடிப்பு கிழிந்துபோன ஒரு தாள், ஓராண்டு நன்னடத்தைப் பிணைப் பத்திரத்தின் நகல். "படிச்சியாப்பா?" என்றேன். "இல்லக்கா, கையெழுத்து போட்டா அனுப்பிடுவோம்னாங்க."

அந்தத் தாளின் மேல் வரி, இவர் வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்கிறது. கீழ் வரியில் அவனே, இனி ஒழுங்காக இருப்பேன் என்கிறான். மாறவே மாட்டான் என்று முடிவு கட்டிவிட்டு, மாறுவேன் என்று அவனிடமே எழுதி வாங்குகிறது அரசு.

வளர்ந்த இடமும் வறுமையும் சேர்க்கையும் ஆளை இழுக்கும், மறுக்கவில்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வழக்குகளில் வருடக்கணக்காகப் பார்க்கிறேன். தண்டனையைத் தீர்மானிக்கும்போது நீதிபதி அதை எடைபோடட்டும், அந்த ஏரியாவுக்கு வேலையும் பள்ளிக்கூடமும் கொண்டுவர அரசு அதையே காரணமாக எடுத்துக்கொள்ளட்டும், அதுவரைக்கும் சரி. ஆனால் அதை வைத்து ஒருவன் நாளைக்கு என்ன செய்வான் என்று இன்றைக்கே ஃபைலில் எழுதினால், எங்கே சம்பவம் நடந்தாலும் முதலில் அவனைத்தான் தூக்குவார்கள், வேலை போகும், அப்புறம் பழைய கூட்டாளிகளைத் தவிர யார் சேர்த்துக்கொள்வார்கள்?

பிறப்பை வைத்தே இப்படி எழுதிய சட்டமும் நம்மிடம் இருந்தது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. நாடு முழுக்க ஒழிந்தது 1952இல்தான். இன்றைக்கு குண்டாஸ் என்கிறோமே, 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் தமிழ்நாடு சட்டம், அதில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம்.

அதனால் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள். வழக்கமான குற்றவாளி என்று பிணை கேட்பது இப்போது பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 110. என்ன தகவல் வந்தது, எவ்வளவு தொகை, எத்தனை காலம், எத்தனை ஜாமீன்தாரர் என்று 130ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு இருக்க வேண்டும். மறுக்கலாம், வக்கீல் வைக்கலாம், மறுத்தால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். இப்படிப் பிணை கேட்டு உத்தரவு போடும் நிர்வாக நடுவர் (எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்) அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கே கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்ததும் நினைவில் இருக்கட்டும். பிடிப்பவரே முடிவும் சொன்னால் உங்கள் பேச்சு யார் காதில் விழும்? குண்டாஸ் என்றால், காரணங்களையும் ஆவணங்களையும் உங்களுக்குப் புரியும் மொழியில், படிக்கும்படியான நகலாகக் கேளுங்கள். அது சரியில்லாததாலேயே உயர் நீதிமன்றத்தில் விழுந்த உத்தரவுகள் ஏராளம்.

அந்தப் பையனுக்காக சீராய்வு மனு தயாராகிறது. சிறையில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் இலவச வக்கீல் உண்டு என்றதும், அந்த அம்மா தாளைத் திருப்பி நீட்டினார். பின்பக்கம் இலவச சட்ட உதவிக்கான தொலைபேசி எண்ணை, 15100 என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.