நீங்கள் பார்ப்பது செத்த நட்சத்திரம் இல்லை

கோளரங்கத்தில் காட்சி முடிந்து விளக்கைப் போட்டதும் வரும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். “சார், நாம பார்க்கிற நட்சத்திரம் எல்லாம் எப்பவோ செத்துப்போனதுதானே?” போன வாரம் இதைச் சொன்னவர், மாணவர்களை அழைத்து வந்திருந்த ஆசிரியர். என்னிடம் கேட்கக்கூட இல்லை, பிள்ளைகளுக்கு அப்படியே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பொறுத்தது போதும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஒளியாண்டு என்பது தூரம். ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். இதுவரை பலரும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த படியில்தான் வழுக்குகிறார்கள். ஒளி வந்து சேர இத்தனை ஆண்டு ஆகிறதாம், அதனால் அது கிளம்பிய இடத்தில் இப்போது ஒன்றும் இருக்காதாம். ஏன் இருக்காது?

தூரம், ஆயுள் என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிரியஸ் நட்சத்திரத்தின் தூரம் 8.6 ஒளியாண்டு. அகத்தியர் நட்சத்திரம் என்று நாம் சொல்லும் கனோபஸ் ஏறத்தாழ 310. வெறும் கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பாலானவை ஆயிரம், இரண்டாயிரம் ஒளியாண்டுக்குள் அடங்கிவிடும். நட்சத்திரத்தின் ஆயுள் எவ்வளவு? சூரியனுக்கு ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு. அவசர அவசரமாக எரிந்து தீர்கிற ராட்சத நட்சத்திரங்களுக்குக்கூட சில பத்து லட்சம் ஆண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒளியைப் பார்க்கிறோம் என்றால், அந்த நட்சத்திரத்தின் வாழ்நாளில் ஒரு நொடிப் பொழுதைத்தான் தவறவிட்டிருக்கிறோம். இன்றிரவு மொட்டை மாடியில் நின்று நீங்கள் பார்க்கும் நட்சத்திரங்களில் ஒன்றுகூட இதற்குள் செத்திருக்காது என்று நான் தைரியமாகப் பந்தயம் கட்டுவேன்.

உடனே திருவாதிரை (பெட்டல்ஜூஸ்) நட்சத்திரத்தைக் கொண்டுவருவார்கள். 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரிவரை மங்கியதும் “வெடித்துவிட்டது” என்று ஆளாளுக்கு அனுப்பிய செய்தி இன்றும் சுற்றுகிறது. அது கக்கிய தூசி அதையே மறைத்ததுதான் விஷயம், பிறகு பழையபடி ஒளிர்ந்தது. அது ஒருநாள் வெடிக்கும், சரி. ஆனால் அதற்கு இன்னும் ஒரு லட்சம் ஆண்டு அளவில் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலான கணிப்பு. அதன் தூரமோ 550 முதல் 700 ஒளியாண்டு. ஒரு லட்சத்தில் எழுநூறு எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரியாதவர் யாரும் இல்லை, போடுவதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்துக்கு அடியில் இருப்பது, விண்மீன் திரளின் (கேலக்ஸி) அளவு மனதில் பதியாததுதான். நெப்டியூன் சுற்றுப்பாதைவரை உள்ள நம் சூரியக் குடும்பத்தை 2.5 சென்டிமீட்டர் அகல நாணயமாகச் சுருக்கிவிடுங்கள். ஓர் ஒளியாண்டு அப்போது 26 மீட்டர். நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 110 மீட்டர் தள்ளி. நம் விண்மீன் திரளான பால்வீதியின் அகலம், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு, கன்னியாகுமரியிலிருந்து அமிர்தசரஸ்வரை நீளும். வெறும் கண்ணால் நாம் பார்க்கும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை, இந்தக் கணக்கில், நாணயத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன.

சக ஊழியர்களிடம் சொன்னால்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள், தங்கள் அகலத்தோடு ஒப்பிட்டால் விண்மீன் திரள்கள் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை. பக்கத்துத் திரளான ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு, அதாவது பால்வீதியின் அகலத்தைப் போல 25 மடங்கு. சூரியனின் அகலத்தோடு ஒப்பிட்டால் பிராக்சிமா ஏறத்தாழ மூன்று கோடி மடங்கு தள்ளி இருக்கிறது. திரள்கள் அடிக்கடி மோதுவதும், மோதினாலும் உள்ளே நட்சத்திரங்கள் ஒன்றையொன்று தொடாமலே கடந்துபோவதும் இதனால்தான். ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருகிறது என்ற காணொளியைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் தவிக்கும் அம்மாக்கள் எழுதுகிறார்கள். சில நூறு கோடி ஆண்டு கழித்து நடக்கலாம், நடக்காமலும் போகலாம், அதிலேயே இப்போது விவாதம் இருக்கிறது. பிள்ளைகளைத் தூங்க வையுங்கள் தாயே.

அப்புறம் அந்தப் படம். சுருள் சுருளாகச் சுழலும் பால்வீதி, ஓர் ஓரத்தில் அம்புக்குறி, “நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்”. அது புகைப்படம் இல்லை, அளவீடுகளை வைத்து ஓவியர் வரைந்தது. நாம் உள்ளே இருக்கிறோம், மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளி. வெளியே போய்ப் படமெடுக்க வேண்டுமானால் குறைந்தது சில ஆயிரம் ஒளியாண்டு மேலே போக வேண்டும். வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாயேஜர் 1 விண்கலம் 1977-ல் கிளம்பியது. ஒளி ஒரே நாளில் போகும் தூரத்தைக் கடக்கவே அதற்கு ஏறத்தாழ 49 ஆண்டு தேவை. ஓர் ஒளியாண்டு போக 17,000 ஆண்டுக்கு மேல். பள்ளிக் கண்காட்சிக்கு அந்தப் படத்தை ஒட்டுங்கள், தப்பில்லை. கீழே “ஓவியம்” என்று எழுதி ஒட்டுங்கள்.

செய்தி எழுதும் நண்பர்களே, ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. எழுதுமுன் ஒருமுறை பாருங்கள். ஆண்ட்ரோமெடாவை நீங்கள் இரண்டரைக் கோடி ஒளியாண்டுக்குத் தள்ளிவிட்டால் மறுநாள் திட்டு வாங்குவது நான்தான்.

கடைசியாக, பிறந்தநாளுக்குக் குழந்தை பெயரில் நட்சத்திரம் வாங்கியவர்களுக்கு. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு வந்து, “இதைத் தொலைநோக்கியில் காட்டுங்க” என்று கேட்கிறார்கள், குழந்தை ஆசையாகப் பக்கத்தில் நிற்கிறது. நட்சத்திரங்களுக்கு அதிகாரப்பூர்வமாகப் பெயர் ஏற்பது சர்வதேச வானியல் ஒன்றியம், அது பெயரை விற்பதில்லை. உங்களிடம் விற்றவர் கொடுத்தது ஒரு தாள், அவ்வளவே. எந்த வானியலாளரும் அந்தப் பெயரைப் பயன்படுத்தப் போவதில்லை. அந்தக் காசுக்கு ஒரு 7×50 பைனாகுலர் (ஏழு மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. முன்வில்லை) வாங்கப் பாருங்கள், கொஞ்சம் கூடப் போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. நவம்பர், டிசம்பர் முன்னிரவில், நிலா இல்லாத நாளாகப் பார்த்து, ஊர் வெளிச்சம் இல்லாத இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போய் வடக்கே, பாதி வானத்துக்கும் மேலே தேடுங்கள். மங்கலான நீள்வட்டமாக ஒரு பூச்சு தெரிந்தால் அது ஆண்ட்ரோமெடா. தெரியவில்லையென்றால் கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் கொடுங்கள், அதுவரை கைபேசியை எடுக்காதீர்கள்.