பக்கியை ஜாடியில் அடைக்காதீர்கள்

காட்டுயிர்ப் படம் ஒன்று. சருகோடு சருகாகக் கண்ணை இடுக்கிக்கொண்டு பக்கி, அதாவது ஆங்கிலத்தில் ‘நைட்ஜார்’ எனப்படும் இரவுப் பறவை, உட்கார்ந்திருக்கிறது. கீழே தமிழில் ‘இரவு ஜாடி’ என்று எழுத்து ஓடுகிறது. நான் பார்த்து இது மூன்றாவது தடவை.

நைட்ஜாரில் உள்ள ‘ஜார்’ பாத்திரமல்ல, கரகரப்பான ஒலி. பாத்திரத்தைக் குறிக்கும் ஜார் அரபியிலிருந்து வந்த வேறு சொல். அறிவியல் பெயரும் அபத்தம்தான். கேப்ரிமல்கஸ் என்றால் லத்தீனில் ‘ஆடு கறப்பது’. இரவில் வந்து ஆட்டு மடியில் பால் குடிக்கும் என்ற அரிஸ்டாட்டில் காலத்துக் கதையை 1758இல் இயற்கையாளர் லின்னேயஸ் பேரினப் பெயராகவே வைத்துவிட்டார். பாவம், பூச்சி பிடிக்க வந்த பறவைக்குத் திருட்டுப் பட்டம்.

சரி, ஜாடிப் பழியை மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் தலையில் போடலாம். யோசித்து ‘இராக்குருவி’ என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? பக்கி என்பது பட்சியின் திரிபு, வடசொல், ஆகவே ஆகாது என்கிறார்கள். அப்புறம், அது வசவுச் சொல்லாம், எழுதக் கூசுகிறதாம். திரிபுதான், யார் இல்லையென்றது? தமிழ் வாயில் தேய்ந்து ஒரு பறவைக்கே உரிய பெயராக நின்றுவிட்டதே! கழுதையும் வசவுதான், அதற்காகப் பெயரை மாற்றினோமா?

இரவில் திரிவது ஆந்தையும்தான், கூகையும்தான். குருவி என்றதும் தத்தித் தாவும் சிட்டு மனதில் வருகிறது. பக்கிக்குத் தத்தத் தெரியாது. கால் அவ்வளவு குட்டை. அலகும் துளியூண்டு, ஆனால் வாயைத் திறந்தால் காதுவரை பிளக்கும். அப்படியே பறந்து அந்துப்பூச்சிகளை அள்ளும். கூடு கட்டாது, வெறுந்தரையில் முட்டையிடும். இதில் எது குருவி?

‘ஆந்தை வகை’ என்போரும் உண்டு. இரையைக் கவ்வும் நகம் இதற்கு ஏது? ஒருகாலத்தில் வகைப்பாட்டாளர்களே சிலர் ஆந்தைகளுடன் சேர்த்ததுண்டு. மரபணுவைப் பார்த்தபின், பகலெல்லாம் வானில் சுற்றும் உழவாரன்தான் நெருங்கிய சொந்தம் என்றாயிற்று. ஆக, ‘இரா’ என்ற ஒட்டு உறவைக்கூடச் சொல்லாது. இந்தியப் பக்கி, ஐரோப்பியப் பக்கி என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் இனங்களையும் பிரித்துவிடலாம். வேறென்ன வேண்டும்?

அந்தப் படத்தில் அடுத்து வந்தது தவளைவாயன் என்ற பறவை. கீழே ‘தவளை’ என்று போட்டிருந்தார்கள்.