பாலினப் பாகுபாடா, பாலினச் சாய்வா?

பேராசிரியர்களுக்கு மாணவர்கள் இடும் மதிப்பெண் ஆணென்றும் பெண்ணென்றும் மாறுவதைப் பற்றி எழுதும்போதெல்லாம், 'ஜெண்டர் பயஸ்' என்பதைப் 'பாலினப் பாகுபாடு' என்று பெயர்ப்பது நம்மவர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. இது பிழையான பெயர்ப்பு.

'பயஸ்' பிரெஞ்சு வழி ஆங்கிலத்துக்கு வந்த சொல். சரிவு என்பது அதன் முதற்பொருள். புல்தரையில் நேராக உருட்டிவிட்ட பந்து தன் அமைப்பினாலேயே ஒருபுறம் வளைந்தோடுவதையும் அது குறித்தது.

பாகுபாடோ செயல்: வேலை மறுப்பது, பதவி உயர்வைத் தடுப்பது. அமெரிக்காவின் வட கரோலினாவில் இணையவழிப் பாடமொன்றில் ஆணொருவரும் பெண்ணொருவரும் ஒரு மாணவர் குழுவுக்குத் தம் பெயரிலும், மற்றொரு குழுவுக்கு அடுத்தவர் பெயரிலும் பயிற்றுநர்களாக இருந்தனர். மாணவர்களின் மதிப்பெண்களை இருவரும் ஒரே நேரத்தில் வெளியிட்டும், காலந்தவறாமைக்கு ஆண் பெயருக்கு ஐந்துக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55 கிடைத்ததாக 2015-இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. பெண்ணுக்குக் குறைத்துப் போட வேண்டும் என்று அம்மாணவர்கள் எண்ணியிருக்கத் தேவையில்லை. கை தானாகச் சாய்ந்திருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு நிர்வாகம் ஒருவரின் பதவி உயர்வை நிறுத்துமானால், அதுதான் பாகுபாடு. ஆசிரியர்களை மாணவர்கள் மதிப்பிடுவது பற்றி டொராண்டோவின் ரையர்சன் பல்கலைக்கழகத்தில் எழுந்த வழக்கில் 2018-இல் தீர்ப்பளித்த நடுவரும் மாணவர்களைத் திருத்தப் புகவில்லை. பதவி உயர்வுக்கும் பணி நிரந்தரத்துக்கும் கற்பித்தல் திறனை அளக்க இம்மதிப்பீடுகளைப் பயன்படுத்தலாகாது என்றார். மாணவரின் சாய்வு, நிர்வாகத்தின் பாகுபாடு இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், 'பாலினப் பாகுபாடு பாலினப் பாகுபாட்டுக்கு இட்டுச் செல்கிறது' என்றுதான் எழுத நேரும். பெயர்ப்பவர் தாம் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே போதும்.

'பாலினச் சார்பு' என்பாரும் உளர். சார்பெழுத்து, கணிதச் சார்பு, 'கழகத்தின் சார்பில்' என முன்பே பல வேலை பார்க்கும் சொல் அது. பாலினத்தைப் பொறுத்து அமைவது என்றே படிப்பவர் கொள்வர். பாரபட்சம், ஓரவஞ்சனை என்ற சொற்களும் பொருந்தா; அவை பெரும்பாலும் அறிந்தே செய்பவை.

திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் (குறள் 119) 'உட்கோட்டம்' என்ற சொல் இருக்கிறது. மனத்துக்குள் இருக்கும் கோணலை இதைவிடச் செறிவாகச் சொல்ல முடியாது. ஆனால், 'பாலினக் கோட்டம்' என்றால் வருவாய்க் கோட்டம் போல ஏதோ அலுவலகம் என்று இன்று எண்ணுவார்கள். ஆகவே பொதுவழக்கில் 'பாலினச் சாய்வு' என்றும், தன்னையறியாத நிலையை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'உட்கோட்டம்' என்றும் எழுதுவதே எனக்கு உடன்பாடு.