பல் கேப்பிலிருந்து கசிவது என்ன?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்கு ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். வழவழப்பான வெள்ளைப் பூச்சு, எங்கோ ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருக்கும். அங்கே மட்டும் இரும்பு கறுப்பாகத் தெரியும், ஓரத்தில் செம்பழுப்பாகத் துரு கட்டியிருக்கும். பூச்சு முழுசாக இருக்கும் இடத்தில் ஒரு குறையும் இருக்காது.

பல்லின் மேல் உறையாகப் போடும் மெட்டல் செராமிக் கேப்பும் இதே வேலைப்பாடுதான். உள்ளே 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் கனத்தில் ஓர் உலோகக் கூடு, லேப்காரர்கள் அதைக் கோப்பிங் என்பார்கள். அதன்மேல் பீங்கான் தூளைக் குழைத்துப் பூசி, 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூளையில் வைத்து உருக்கி ஒட்டவைக்கிறார்கள். பீங்கான் மூடிய பகுதியால் வாய்க்குத் தொந்தரவு வருவது அரிது. ஈறை ஒட்டிய விளிம்பிலும், செலவைக் குறைக்க நாக்குப் பக்கம் பீங்கான் போடாமல் விட்ட இடத்திலும் உலோகம் எச்சிலைத் தொடுகிறது. அங்கேதான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

திடமான ஒரு பொருள் அப்படியே கிடந்தால் உடம்பு அதைப் பொருட்படுத்தாது. அதிலிருந்து கரைந்து வெளியேறும் மிகச் சிறிய துணுக்குகளுக்குத்தான் ஒவ்வாமை வரும். உலோகமென்றால் அயனிகள், பசையென்றால் இறுகாமல் மிச்சமான மூலக்கூறுகள். ஆகவே ஒரு கேப்பைப் பற்றியோ, பல்லின் முகப்பில் மட்டும் ஒட்டும் வெனீரைப் பற்றியோ கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது எதனால் ஆனது' என்பதைவிட 'இதிலிருந்து எது கசியும்' என்பதே.

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும் என்று தெரிந்துதான் செட்டிநாட்டு அடுப்படியில் ஈயம் பூசி வைத்தார்கள். புளியின் அமிலம் செம்பை அயனியாக்கி இழுத்துவிடுகிறது. உப்பும் ஈரமும் உள்ள எச்சிலும் ஒரு மின்பகு திரவமே. அதில் நிற்கும் உலோகம் எதுவானாலும் கொஞ்சமாவது அரிபடும். காரைக்குடியில் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இத்தனை ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் துறைகளில் அரிமானமும் ஒன்று. கடலோர இரும்புக்கும் கடைவாய்ப் பல் கேப்புக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றேதான்.

மலிவான மெட்டல் செராமிக் கேப்புகளில் பெரும்பாலும் இருப்பது நிக்கல்-குரோமியம் கலவை. இதில் நிக்கல் 60 முதல் 80 சதவீதம் வரை இருக்கலாம். அரிமானத்தைத் தடுப்பது குரோமியம். காற்றும் ஈரமும் பட்டதும் அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்றைக் கட்டிக்கொள்ளும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்திலும் சுமார் 8 சதவீதம் நிக்கல் உண்டு. 18 சதவீதக் குரோமியம் போட்ட அந்தத் தோலின் தயவால்தான் அது புளிரசத்துக்கும் அசையாமல் நிற்கிறது. கேப் கலவையில் குரோமியம் 20 சதவீதத்துக்குக் கீழே போய், மாலிப்டினம் என்ற உலோகமும் இல்லாமலிருந்தால் இந்தத் தோல் நொய்ந்துபோகும், நிக்கல் கூடுதலாகக் கசியும். வார்ப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று சில கலவைகளில் பெரிலியம் சேர்ப்பதுண்டு. அதுவும் அரிமானத்தைக் கூட்டும். அதைவிட முக்கியமாக, அந்த உலோகத்தைத் தேய்த்துச் சீராக்கும் லேப் தொழிலாளியின் நுரையீரலை அது கெடுக்கும். பல் உலோகங்களுக்கான ஐஎஸ்ஓ 22674 தரநிலை பெரிலியத்துக்கும் காட்மியத்துக்கும் 0.02 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நிக்கல் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் அளவைக் குறிப்பிட்டாக வேண்டும் என்கிறது.

கசிந்த நிக்கல் அயனி தனியாக எதையும் தூண்டும் அளவுக்குப் பெரியதல்ல. ஈறிலும் தோலிலும் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டதும், நம் காவல் செல்களுக்கு அந்தப் புரதம் அந்நியமாகத் தெரிகிறது. அவை அதை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுக்கின்றன. இந்தப் பழக்கம் ஏற இரண்டு வாரமாவது ஆகும், சிலருக்குப் பல ஆண்டுகள்கூட ஆகும். ஏறியபிறகு மறுபடி நிக்கல் பட்டால் ஒன்றிரண்டு நாளில், பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள், அந்த இடம் சிவந்து தடிக்கும். நிக்கலுக்கு இன்னொரு குணமும் உண்டு. நம் செல்களில் டிஎல்ஆர் 4 என்ற உணரி இருக்கிறது. அதில் உள்ள ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்களில் நிக்கல் நேரடியாகவே பற்றிக்கொண்டு அழற்சியைக் கிளப்புகிறது என்று 2010-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

வாய்க்குள் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. எச்சில் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிறது, ரத்த ஓட்டமும் அதிகம். அதனால் தோலில் அரிப்பை எழுப்பும் அளவைவிடப் பல மடங்கு வந்தால்தான் வாய்ச்சவ்வு எதிர்வினை காட்டும். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிற பலர், நிக்கல் கேப்பை ஆண்டுக்கணக்கில் தொந்தரவில்லாமல் போட்டிருப்பதன் காரணம் இதுவே. ஆனாலும் அந்தக் கவரிங் கேள்வியை விடக்கூடாது. கேப் போடுவதற்கு முன் டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: 'கவரிங் தோடு போட்டால் அரிக்கும், வாட்ச் பக்கிள் பட்ட இடம் தடிக்கும், ஜீன்ஸ் பொத்தான் பட்டால் தொப்புள் பக்கம் கறுக்கும்.' இதைவிட மலிவான நிக்கல் சோதனை வேறில்லை. பற்களைச் சீராக்கும் கம்பியைக் காது குத்துவதற்கு முன்பே போட்டுக்கொண்டவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை குறைவாக வருவதை ஐரோப்பிய ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வாய்வழியாக முதலில் அறிமுகமானால் உடம்பு அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது போலும். நம் வீடுகளில் பேச்சு வருவதற்கு முன்பே காதுகுத்து முடிந்துவிடுகிறது, ஆகவே அந்த வரிசை நமக்குத் தலைகீழ். குழந்தைக்குக் குத்தும்போது நல்ல தங்கம் போடுவது வெறும் ஆசைக்காக மட்டும் அல்ல என்றே நினைக்கிறோம்.

நிக்கல் ஆகாதவருக்குப் பல்லேடியம் கலந்த வெண்ணிறக் கலவையைத் தருவதிலும் கவனம் தேவை. நிக்கலுக்குப் பழகிய டி செல்கள் பல்லேடியத்தையும் அதுவென்றே எண்ணிப் பாய்வதுண்டு. கோபால்ட்-குரோமியத்தில் நிக்கல் தொல்லை இல்லை, ஆனால் கோபால்ட்டுக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். சுத்தத் தங்கம்கூட முழு விதிவிலக்கு இல்லை. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2001-ல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பெயர் சூட்டியது தங்கத்துக்குத்தான்.

'அப்படியானால் மெட்டலே வேண்டாம், சிர்கோனியா போட்டுவிடலாம்' என்பார்கள். உலோகத்துக்கு அது நல்ல விடை. சுமார் 1500 டிகிரியில் இறுகிய சிர்கோனியாவும், வெனீருக்கும் முன்பல் கேப்புக்கும் பயன்படும் லித்தியம் டைசிலிகேட் பீங்கானும் எச்சிலில் கிட்டத்தட்ட ஒன்றையுமே விடுவதில்லை. ஆனால் பல்லோடு அவற்றை ஒட்டுவது பீங்கானா? ஒட்டுவது பசை. வெனீரின் கதையே பசையில்தான் இருக்கிறது.

வெனீர் என்பது அரை மில்லிமீட்டர் அளவிலான ஒரு பீங்கான் இதழ். அதன் உட்புறத்தை ஹைட்ரோபுளூரிக் அமிலத்தால் (லித்தியம் டைசிலிகேட்டுக்கு 5 சதவீதம், 20 விநாடி) சொரசொரப்பாக்கி, பீங்கானையும் பசையையும் இணைக்கும் சைலேன் தடவி, பல்லின் எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பொறித்து, பாண்டிங் திரவம் பூசி, ரெசின் சிமெண்டால் ஒட்டுகிறார்கள். பாண்டிங் திரவத்தில் ஹெமா, சிமெண்டில் பிஸ்-ஜிஎம்ஏ, டெக்டிஎம்ஏ என்று மெத்தாக்ரிலேட் குடும்பம் முழுவதும் இருக்கும். நீல ஒளி பட்டதும் இவை ஒன்றோடொன்று கைகோத்து இறுகும். எல்லாமே கைகோப்பதில்லை. நல்ல வேலையிலும் கால் பங்குக்கு மேல் பிணைப்புகள் மிச்சமாகிவிடுவது சாதாரணம். வலைக்குள் கட்டுப்படாத சின்ன மூலக்கூறுகள் முதல் சில நாட்களில் எச்சிலில் கசிந்துவிடும்.

இந்த மிச்சம் கூடுவது நான்கு இடத்தில். வெனீர் கனமாகவோ ஒளி ஊடுருவாத நிறத்திலோ இருந்தால் அடியில் வெளிச்சம் போதாது. ஒவ்வொரு பக்கத்திலும் 20 முதல் 40 விநாடி பொறுமையாகக் காட்ட வேண்டியதைச் சுருக்கிவிட்டால் நடுப்பகுதி பிசுபிசுவென்றே நின்றுவிடும். ஈறோரம் பிதுங்கிய சிமெண்டை எடுக்காமல் விட்டால் நாள்தோறும் அது ஈறைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நான்காவது, காற்று. ஆக்சிஜன் படும் மேற்பரப்பு ஒரு மெல்லிய அடுக்குக்கு இறுகவே இறுகாது. ஆகவே தேர்ந்த கையாளர் ஓரிரு விநாடி மட்டும் ஒளி காட்டி, சிமெண்ட் பாலாடை பதத்தில் இருக்கும்போதே பிதுங்கியதை உரித்தெடுப்பார். பல் இடுக்கில் ஃப்ளாஸ் நூலை விட்டு இழுப்பார். பிறகு விளிம்பெங்கும் கிளிசரின் ஜெல் பூசிக் காற்றை மறைத்துவிட்டு முழு ஒளி கொடுப்பார். கடைசி இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்கிறாரா என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஹெமாவுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. அழகு நிலையங்களில் போடும் ஜெல் நகப்பூச்சிலும் அக்ரிலிக் நகத்திலும் இதே குடும்பம்தான். விரல் நுனியில் வெடிப்பும் அரிப்பும் வந்து அதைப் போடுவதை நிறுத்திய பெண்ணுக்கு, வெனீர் ஒட்டிய மறுநாள் உதடு தடித்தால் ஆச்சரியப்படக் கூடாது. பல் டாக்டர்களும் உதவியாளர்களும் இந்த ஒவ்வாமைக்கு அதிகம் ஆளாகிறார்கள், ஏனென்றால் இம்மூலக்கூறுகள் சாதாரண லேடெக்ஸ் கையுறையைச் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும்.

நிரந்தரக் கேப் வரும்வரை போடும் தற்காலிகக் கேப்பில் வேறொரு சங்கதி. ஒட்டுவது பெரும்பாலும் ஜிங்க் ஆக்சைடு தூளும் யூஜெனாலும் குழைத்த சிமெண்ட். யூஜெனால் என்பது கிராம்பின் சாரம், கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுவே. கிராம்பும் பட்டையும் இல்லாமல் செட்டிநாட்டு மசாலா இல்லை. யூஜெனால் ஒவ்வாதவருக்குத் தற்காலிகக் கேப் இருக்கும் நாட்களில் ஈறு எரியும், நிரந்தரக் கேப் வந்ததும் தணியும். பட்டையின் சின்னமால்டிஹைடு சில பற்பசைகளிலும் வாசனைக்காகச் சேர்கிறது. கேப் போட்ட வாரத்தில் பற்பசையையும் மாற்றியிருந்தால் பழியைக் கேப்மேல் போடுவதற்கு முன் பற்பசையை நிறுத்திப் பாருங்கள். ரெசினால் ஒட்டப்போகிற வேலை என்றால் யூஜெனால் இல்லாத தற்காலிகச் சிமெண்டையே கேளுங்கள், ஏனென்றால் யூஜெனால் ரெசினை இறுகவிடாது.

கேப்பைச் சுற்றி ஈறு சிவப்பதெல்லாம் ஒவ்வாமை என்று நினைத்துவிட வேண்டாம். மிகப் பெரும்பாலும் குற்றவாளி விளிம்புதான். கேப்பின் ஓரம் பல்லைவிடத் துருத்தி நின்றால் அடியில் அழுக்குப் படியும். விளிம்பு ஈறுக்குள் ஆழமாகப் போய், எலும்புக்கு மேலே ஈறு பற்றிக்கொள்ள வேண்டிய சுமார் 2 மில்லிமீட்டர் இடத்தை ஆக்கிரமித்தால், எந்தப் பொருளாலான கேப்பானாலும் ஈறு சிவந்துதான் இருக்கும். ஈறோரம் தெரியும் சாம்பல் கோடு பெரும்பாலும் உலோகத்தின் நிழல், அது நோயல்ல.

ஒவ்வாமைப் புண்ணுக்கு ஓர் அடையாளம் உண்டு. கன்னத்தின் உட்புறத்தை விரலால் விலக்கிப் பார்த்தால், கேப்பின் உலோகப் பக்கம் உரசும் இடத்தில் மட்டும், கோலப்புள்ளிகளை இணைத்தாற்போல வெள்ளைச் சரிகைக் கோடுகளும் நடுவே சிவப்பும் தெரியும். மற்றக் கன்னம் சுத்தமாக இருக்கும். இரு கன்னங்களிலும் ஒரே மாதிரி இருந்தால் அது லைக்கன் பிளானஸ் என்ற சவ்வு நோயாகவோ, ரத்த அழுத்த அல்லது வலிநிவாரணி மாத்திரையின் விளைவாகவோ இருக்கலாம். வெற்றிலை பாக்கை ஒரே பக்கம் அடக்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கமும் இப்படி மாறலாம். காரக்குழம்பு பட்டால் வாய் முழுவதும் எரிகிறது, வாய் திறப்பதும் குறைகிறது என்றால் அது கேப் விவகாரமே அல்ல. பாக்கினால் வரும் சவ்வு இறுக்கமாக இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள். சிகிச்சை நாற்காலியில் இருக்கும்போதே நிமிடங்களில் உதடு வீங்கினாலோ மூச்சு இறைத்தாலோ அது வேறு வகை ஒவ்வாமை, லேடெக்ஸ் கையுறையோ மருந்தோ காரணமாகலாம். அது அவசரம், 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்.

சந்தேகம் உறுதியாக வேண்டுமானால் தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட். முதுகில் சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் நிக்கல் சல்பேட் 5 சதவீதம், கோபால்ட் குளோரைடு 1 சதவீதம், ஹெமா 2 சதவீதம் என்று வாசலினில் கலந்து ஒட்டி, 48 மணி நேரம் விடுவார்கள். எடுத்த அன்று ஒருமுறை, நான்காம் நாள் ஒருமுறை, தங்கம், பல்லேடியம் போன்றவற்றுக்கு ஏழாம் நாளும் ஒருமுறை பார்ப்பார்கள். வெறும் எரிச்சல் நாள் செல்லச் செல்லக் குறையும், உண்மையான ஒவ்வாமை ஏறிக்கொண்டே போகும். நம் ஊர் வெயிலில் இதற்கு ஒரு சிக்கல்: வியர்வையில் ஒட்டுப்பட்டை நெகிழ்ந்து கிண்ணம் நகர்ந்துவிட்டால் சோதனை வீண். முதுகை நனைக்காமல் இருக்கவும் வேண்டும். ஆகவே சித்திரை, வைகாசியைத் தவிர்த்து மார்கழி, தை வாக்கில் வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், அது எதிர்வினையை அமுக்கிவிடும். நிக்கலுக்குப் பாசிட்டிவ் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் நன்றாக இருக்கும் கேப்பைக் கழற்ற வேண்டியதில்லை. சோதனையும் புண் இருக்கும் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போனால் கேப்பை எடுக்கத்தான் வேண்டும். நிக்கல் கேப்பை வெட்டும்போது நீர்த்தெளிப்பும் வலுவான உறிஞ்சு குழாயும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகத் தூள் ஈறில் பதியும். அடுத்ததைச் சிர்கோனியாவில் செய்து, ரெசினும் ஆகாதவர் என்றால் சாதாரண ஜிங்க் பாஸ்பேட் சிமெண்டில் ஒட்டலாம், கேப்புக்கு உள்ளே உயரமான, உறுதியான பல் மிச்சமிருந்தால் அது நன்றாகவே பிடிக்கும். சரிகைக் கோடுகள் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறையத் தொடங்கும். மூன்று மாதமாகியும் மாறாத புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பயாப்சி பார்த்தாக வேண்டும்.

புதிய கேப் லேபிலிருந்து வரும்போது கூடவே ஒரு சீட்டும் வரும். அதில் உலோகத்தின் அல்லது பீங்கானின் வணிகப் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும். சிமெண்டின் பெயரையும் டாக்டரிடம் கேட்டு அதன் கீழேயே எழுதி வாங்கி, போன் கேமராவில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.