ஊசிப்பந்தும் ஆணிகுண்டும்

போன மாதம் வேலூரில் நடந்த ஓர் ஓவியப் போட்டிக்கு என்னையும் நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கான போட்டி. பின்பால் இயந்திரம் ஒன்றுக்கு, அதாவது சாய்ந்த பலகையில் எஃகுக் குண்டை அடித்து ஓடவிட்டு ஆடும் பெட்டிக்கு, ஓவியமும் வடிவமைப்பும் முழுதாக வரைந்து தர வேண்டும். விதித்தாளைக் கையில் கொடுத்தார்கள். முதல் வரி இப்படி இருந்தது: "கற்பனைக் கருப்பொருளில் ஓர் ஊசிப்பந்து இயந்திரத்தை வடிவமைக்கவும்."

ஊசிப்பந்து. ஆங்கிலப் 'பின்' ஊசியாகவும் 'பால்' பந்தாகவும் ஆகியிருக்கிறது. இந்தச் சொல்லை நான் பார்ப்பது முதல் முறை இல்லை. ஒரு விளையாட்டுச் செயலியின் தமிழ்ப் பக்கத்தில் பார்த்தேன், சிறுவர்களுக்கான துணுக்கு ஒன்றில் பார்த்தேன், இரண்டு முறையும் முகம் சுளித்துக் கடந்து போய்விட்டேன். இந்த முறை முடியவில்லை. காரணம், ஒரு மாணவியின் படம்.

குடியாத்தத்திலிருந்து வந்த பெண். பெரிய சார்ட்டில் ஐந்து தையல் ஊசிகளை மரம்போல நட்டு நிறுத்தியிருந்தாள். ஒவ்வோர் ஊசிக்கும் காது. காதின் உள்விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு இழுத்து, உலோகம் மின்னுவதைக் காட்டியிருந்தாள். ஐந்து காதுகளிலும் சிவப்பு நூல் நுழைந்து வளைந்து போகிறது; அந்த நூலின் வழியே வெள்ளிப் பந்து ஓட வேண்டும். அடியில் வாயைத் திறந்தபடி ஒரு யாளி. அவ்வளவு அழகான படம். என் பக்கத்தில் இருந்த நடுவர் 'பொருள் புரியாமல் வரைந்தது' என்று எழுதி, 20க்கு 4 போட்டுவிட்டார்.

அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா இவ்வளவு ஊசி?" என்று கேட்டேன்.

"சார், தாள்ல ஊசின்னுதானே போட்டிருந்தீங்க?" என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் தாளைச் சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

பெயர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பேகட்டெல் என்றொரு மேசை விளையாட்டு இருந்தது. கோலால் குண்டைத் தள்ளி, முளைகளுக்கு நடுவே குழியில் விழ வைக்க வேண்டும். 1871இல் அமெரிக்காவில் மான்டேக் ரெட்கிரேவ் என்பவர் கோலுக்குப் பதிலாகச் சுருள்வில் வைத்த தள்ளுகோலைப் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். சாய்ந்த பலகையில் அடித்த ஆணிகளில் குண்டு பட்டுத் தெறித்துக்கொண்டே இறங்கும். அந்த ஆணிகளால்தான் பின்பால் என்று பெயர். 1931இல் காட்லீப் கம்பெனி கொண்டுவந்த பேஃபிள் பால் என்ற இயந்திரம் வரைக்கும் ஆணிகளே ஆட்டத்தின் உயிர். ஆடுபவர் குண்டைத் திருப்பி அடிக்கும் கட்டைகள் 1947இல்தான் வந்தன, அதே கம்பெனியின் ஹம்டி டம்டியில்.

பழைய ஆங்கிலத்தில் 'பின்' என்றால் முளை, ஆணி. துணி தைக்கும் ஊசிக்கு அங்கே வேறு சொல். நம்மிடமும் அப்படித்தான். தேர்ச்சக்கரம் கழன்று ஓடாமல் பிடித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு பொருளைக் குறள் 667 அச்சாணி என்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பொருளின் பெயர் 'பின்' என்றுதான் முடியும். வடமொழியிலும் ஆணி என்ற சொல் இருக்கிறது; யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்ற வழக்கு இங்கே வேண்டாம். தச்சர் பட்டறையில் புழங்கும் சொல், குறளிலும் இருக்கிறது. அது போதும்.

இப்போது ஊசிப்பந்துக்கு வருகிறேன். அந்தத் தாளை மொழிபெயர்த்த தம்பியிடம் தொலைபேசியில் பேசினேன். நல்ல உழைப்பாளி, மரியாதையாகவே வாதாடினார். "சார், ஏலகிரி ரோட்டுல கொண்டை ஊசி வளைவுன்னு போர்டே வெச்சிருக்காங்களே. அங்க பின் ஊசி ஆகலாம், இங்க ஆகக் கூடாதா?"

நல்ல கேள்விதான். ஏலகிரிக்கு ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பெயரில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஏனென்றால் நம் பெண்கள் கொண்டையில் செருகுவதற்கே கொண்டை ஊசி என்றுதான் பெயர். சாலை அதைப்போல மடங்குகிறது, அதனால் அந்தப் பெயர். யாரும் ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து அகராதியில் தேடவில்லை, பொருளைப் பார்த்தார்கள். காகிதத்தில் குத்துவது குண்டூசி. புடவைத் தலைப்பில் குத்துவது ஊக்கு. தேரில் அச்சாணி. எல்லாமே ஆங்கிலத்தில் பின், தமிழில் நான்கு பெயர். பொருள் மாறினால் பெயர் மாறும். பலகையில் சுத்தியால் அடித்து இறக்கியதைப் பார்த்து ஊசி என்று எந்தத் தமிழன் சொல்வான்? ஊசி துணிக்குள் புகுந்து வெளியே வரும். ஆணி அடித்த இடத்தில் நிற்கும். குண்டு வந்து மோதும்போது நிற்கிற பொருள்தான் அங்கே வேண்டும்.

இன்னொன்று. தமிழில் 'ஊசி' என்று தொடங்கும் கூட்டுச்சொற்களைப் பாருங்கள். ஊசிமிளகாய், ஊசிவெடி. ஊசிபோல மெலிந்த மிளகாய், ஊசிபோல மெலிந்த வெடி. அந்த வாய்ப்பாட்டில் ஊசிப்பந்து என்றால் ஊசிபோல மெலிந்த பந்து என்றுதான் தமிழ்க்காது கேட்கும். அப்படி ஒரு பந்து உலகத்தில் கிடையாது. போதாததற்கு, நேற்று வைத்த சாம்பாரை மோந்து பார்த்து "ஊசிப்போச்சு" என்கிறோம். சொல்லைக் கேட்டதும் மனசு போகும் இடங்களில் ஒன்றுகூட அந்த விளையாட்டுப் பக்கம் இல்லை.

பந்து என்பதும் எனக்கு ஒப்பவில்லை. அந்த இயந்திரத்தில் ஓடுவது எஃகு. குறுக்களவு சுமார் 27 மில்லிமீட்டர், எடை 80 கிராம். உள்ளங்கையில் வைத்தால் கை தாழும். நம் மெக்கானிக் கடைகளில் இதன் சின்னத் தம்பியைப் பால்ரஸ் குண்டு என்பார்கள். விளையாட்டு விழாவில் எறிவது இரும்புக் குண்டு, பையன்கள் ஆடுவது கோலிக்குண்டு. கெட்டியாக உருண்டு ஓடுவது குண்டு, துள்ளுவது பந்து. இந்த வேறுபாடு நம் வாயில் இருக்கிறது, தாளில் மட்டும் தொலைந்து போகிறது.

அப்படியானால் ஆணிக்குண்டு என்று சொல்லிவிடலாமே என்று நினைத்தேன். தம்பி விடவில்லை. "அப்ப ஆணிமுத்துன்னா என்ன சார்? ஆணிவேர்னா?" என்றார். ஆணிமுத்து என்றால் உயர்ந்த முத்து. ஆணிவேர் என்றால் ஆணிபோல நேராக இறங்கும் வேர். ஊசிப்பந்தின்மேல் நான் போட்ட அதே குற்றச்சாட்டு ஆணிக்குண்டின்மேலும் விழுகிறது. ஒத்துக்கொண்டேன். இரண்டு நாள் அதுவே மண்டையில் ஓடியது.

வழி இலக்கணத்தில்தான் கிடைத்தது. வெற்றிலையும் பாக்கும் சேர்ந்தால் வெற்றிலைபாக்கு. நடுவில் 'ப்' போடுவதில்லை, ஏனென்றால் அது உம்மைத்தொகை. அதேபோல ஆணியும் குண்டும் சேர்ந்த ஆட்டம் ஆணிகுண்டு ஆட்டம். நடுவில் 'க்' வராது. ஆணிபோன்ற குண்டும் இல்லை, உயர்ந்த குண்டும் இல்லை. ஆணி ஒன்று, குண்டு ஒன்று, இரண்டும் மோதிக்கொள்ளும் ஆட்டம். இயந்திரத்துக்கு ஆணிகுண்டுப் பெட்டி. பாட்டுப்பெட்டி, ஆர்மோனியப் பெட்டி, வானொலிப் பெட்டி என்று இந்த மாதிரிப் பொருள்களுக்கெல்லாம் பெட்டி என்றே பெயர் வைத்துப் பழகியவர்கள் நாம்.

எதற்கு இவ்வளவு பாடு, பின்பால் என்றே எழுதிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பஸ்ஸையும் டீயையும் விரட்டுகிற ஆள் இல்லை நான். பேச்சில் பின்பால் என்றே சொல்லுங்கள். ஆனால் தமிழ் எழுத்தில் பின்பால் ஏற்கெனவே வேறொரு சொல். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கும்போது முதலில் சுரப்பதை முன்பால் என்றும், கடைசியில் வரும் கொழுப்பு மிகுந்த பாலைப் பின்பால் என்றும் தாய்மார்களுக்கு விளக்குவார்கள். மருத்துவமனைகளால் பேர்பெற்ற ஊரில் அந்தச் சொல்லை அதன் வேலையிலேயே விட்டுவைப்பது நல்லது.

தாளில் இருந்த மற்றச் சொற்களும் இதே பாணிதான். குண்டு ஓடும் பரப்புக்கு 'விளையாட்டு மைதானம்' என்று எழுதியிருந்தார்கள். கேரம் ஆடத் தெரிந்த யாருக்கும் அது ஆடுபலகை. குண்டை அடிக்கும் கட்டைக்குப் 'புரட்டி'. அது எதையும் புரட்டுவதில்லை, தட்டுகிறது. தட்டுக்கட்டை என்றால் பார்த்த மாத்திரத்தில் புரியும். தலைமாட்டில் விளக்கோடு நிற்கும் ஓவியக் கண்ணாடிக்குப் 'பின் கண்ணாடி'. ஆடுபவரைத் தூரத்திலிருந்து கூப்பிடுவதே அந்தக் கண்ணாடிதான். அதுதான் முகம். முகப்புக் கண்ணாடி என்று சொல்ல எது தடுத்தது?

பெரிய சேதம் 'கற்பனை'யால் வந்தது. கேட்டது ஆங்கிலத்தில் 'ஃபேன்டசி' என்கிற மாயக்கதை உலகம்: பூதம், மந்திரக் கோட்டை, பறக்கும் குதிரை. தாளில் 'கற்பனைக் கருப்பொருள்'. கீழே மதிப்பெண் பட்டியலில் 'கற்பனை வளம் - 20'. ஒரே சொல் இரண்டு வேலைக்கு. பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுவதாக ஒரு பையன் வரைந்திருந்தான். கற்பனை என்ற சொல்லுக்கு அது நியாயமான பதில். கேட்ட பொருளுக்குப் பதில் இல்லை. இலக்கியக் கட்டுரைகளில் மிகுபுனைவு என்று எழுதுகிறார்கள், அங்கே அது சரி. மாணவர்களுக்கு மாயக்கதை என்று சொன்னால் பாட்டி சொன்ன கதையெல்லாம் தானாக எழுந்து வரும்.

சொல் சரியாக இருந்தால்தான் ஓவியத்தையும் சரியாக எடைபோட முடியும். இந்தப் பெட்டியில் படம் சும்மா அலங்காரத்துக்கு இல்லை, எங்கே அடிக்க வேண்டும் என்று கையைக் கூட்டிப்போகிற வேலை அதற்கு. வில்லியம்ஸ் கம்பெனியின் கார்கர் 1979இல் வந்தது. பேசத் தெரிந்த முதல் பின்பால் இயந்திரம். அதில் பாம்புக் குழியில் காந்தம் வைத்து, குண்டைக் குழி பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி செய்தார்கள். 1997இல் வந்த மெடீவல் மேட்னஸில் ஆடுபலகையின் நடுவே கோட்டை. வாயிற்பாலத்தை அடித்து இறக்கி, கதவை உடைத்தால் கோட்டையே சரியும். கதையில் எது பகையோ அதையே குறியாக நிறுத்தியிருக்கிறார்கள். விதியை யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. மாயக்கதைப் பெட்டி எதைப் பார்த்தாலும் நான் தேடுவது இதைத்தான்: வரைந்த பூதமும் அடிக்கிற இடமும் ஒன்றா, வேறு வேறா? நிறம், கோடு எல்லாம் அப்புறம்.

அந்த அளவுகோலில் குடியாத்தத்துப் பெண்ணின் படம் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. குண்டு போக வேண்டிய வழியே அவள் கதை. அதற்குத்தான் நாலு மதிப்பெண். மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை இது. ஒரு பொருளைப் பார்க்காமலே, பார்க்கவும் நினைக்காமலே, எழுத்துக்கு எழுத்து பெயர் வைத்துவிட்டுப் போகிறார்கள். தவறான சொல்லுக்கு விலை கொடுப்பது அதை நம்பிப் படித்த பிள்ளை.

வெளியே டீக்கடையில் அவளைப் பார்த்தேன். "கோட்டைக் கோயில் கல்யாண மண்டபம் பாத்திருக்கியாம்மா? அந்தத் தூணுங்க மாதிரி நிக்கறதும்மா ஆணி. குண்டு அதுல மோதித் திரும்பணும்" என்றேன். யோசித்தாள். "அப்ப யாளி கீழ இருக்கக் கூடாது சார், தூண்லயே இருக்கணும்" என்றாள். பத்து நாள் கழித்துப் புதுப் படத்தைக் கைபேசியில் அனுப்பினாள். ஊசிகள் ஒன்றும் இல்லை. ஐந்து யாளித் தூண்கள், ஒவ்வொன்றும் வேறு பக்கம் முகம் திருப்பி. முகம் எந்தப் பக்கமோ குண்டு அந்தப் பக்கம் தெறிக்கும்.

அடுத்த ஆண்டுக்கான விதித்தாளின் வரைவை அந்தத் தம்பி இப்போதே அனுப்பியிருக்கிறார். ஊசிப்பந்து போய்விட்டது. மாயக்கதை வந்திருக்கிறது, ஆடுபலகை வந்திருக்கிறது. தலைப்பில் பெரிய எழுத்தில் 'ஆணிக்குண்டு' என்று போட்டிருந்தார். அந்த 'க்' ஒன்றை மட்டும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன்.